யார் கண்ணால் பார்ப்பது?

கதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லும் பெரியோர்களுக்கு நம் நாட்டில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அரிசிக்குப் பஞ்சம் வந்த காலத்திலும் இவர்களுக்குப் பஞ்சம் வந்ததில்லை. இந்தப் பெரியோர்களில் ஒருவர் நம் பகுதித் தோழர் ஒருவருக்கு அண்மையில் செய்த உபதேசத்தைப் பற்றியே இந்த வாரம் எழுதப் புகுகிறோம். "தோல் ஷாப்பில் நிற்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் கதை எழுதும் விவகாரம் எதற்கு?" என்று வாசகத் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூலி உயர்வுக் கோரிக்கைக்கும் இந்த விவகாரத்துக்கும் உள்ள தூரம், வேலூர் லாங் பஜாருக்கும் கோட்டை வாசலுக்கும் உள்ள தூரந்தான்.

நடந்தது இதுதான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் இளம் தோழர் ஒருவர் கதை எழுதுகிறார். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர். இரவு அடுப்பை அணைத்தபின் கிடைக்கும் நேரத்தில் ஒரு நீண்ட கதை எழுதி முடித்து, லாங் பஜாரில் ஞாயிறு மாலைகளில் நாம் கூடும் மாடி அறைக்குக் கொண்டுவந்தார். கீழே வெங்காய மூட்டையும் பருப்பு மூட்டையும் இறக்கி முடித்த சுமைப்பணித் தோழர்கள் ஏழெட்டுப் பேர் தோளில் துண்டோடு மேலே ஏறி வந்து உட்கார்ந்தார்கள். கதை படிக்கப்பட்டது.

ஒரு தோல் ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியை விடிவதற்குள் சுத்தம் செய்தாக வேண்டும். ஒருவன் இறங்குகிறான், மேலே வரவில்லை. அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான், அவனும் வரவில்லை. மூன்றாமவனை மற்றவர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார்கள். இவ்வளவுதான் கதை. இது எந்த ஷாப்பில் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பேரணாம்பட்டிலிருந்து மேல்விஷாரம் வரை பாலாற்றுக் கரையில் தோலோடு பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதையைத் தோழர் ஐந்து பேரின் மனத்துக்குள் மாறி மாறிப் போய்ச் சொல்லியிருந்தார். முதலில் இறங்கியவன், அவனைத் தேடி இறங்கியவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி, வேலை ஏவிய மேஸ்திரி, சென்னை ஏஜெண்டோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும் முதலாளி ஆகிய ஐவர்.

இதை அவர் நம்மிடம் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு பேராசிரியரிடம் காட்டியிருக்கிறார். கதைப் பயிற்சி முகாம் நடத்துகிறவராம். அவர் சொன்ன தீர்ப்பு: "அம்மா, இது கதையல்ல, கூட்டம். ஒரே ஒருத்தியின் மனத்துக்குள் நின்று எழுது. அந்த மனைவி போதும். மற்ற நால்வரையும் வெட்டி எறி. ஒரு பாத்திரத்தின் தலைக்குள்ளிருந்து இன்னொரு பாத்திரத்தின் தலைக்குத் தாவுவது பழைய காலத்துப் பழக்கம், பிரச்சாரகர்களின் பழக்கம்."

நம் அறையிலும் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டது. அதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை. மூத்த தோழர் ஒருவர், நாம் பெரிதும் மதிப்பவர், எழுந்து சொன்னார்: "முதலாளி மனசுக்குள்ள நமக்கு என்ன வேலை? அந்தப் பகுதியைக் கிழிச்சிப் போடு. நம்ம பேப்பர்ல முதலாளிக்கு எடம் கிடையாது."

தோழர் இரண்டு தீர்ப்புகளையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, ஒரே ஆளு மனசுக்குள்ள நின்னு எழுதுன்றாங்க. தொட்டிக்குள்ள போனவன் மனசுல நின்னா கதை ரெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சிடுது. வூட்ல இருக்கற பொண்டாட்டி மனசுல நின்னா தொட்டியே தெரியல. நான் இன்னா பண்றது?"

இந்தக் கேள்விக்கு அன்று அந்த மாடியில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. ஆகவேதான் எழுதுகிறோம்.

படர்க்கை என்னும் பாதை

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்த தோழர்களுக்கு நினைவிருக்கும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. 'நான் இறங்கினேன்' என்பது தன்மை. 'அவன் இறங்கினான்' என்பது படர்க்கை. நாவல்களில் பெரும்பாலானவை படர்க்கையில் எழுதப்படுபவை. ஆனால் படர்க்கைக்குள்ளேயே இரண்டு வழி உண்டு. 'அவன்' என்று சொல்லிக்கொண்டே கதை முழுவதும் அவன் ஒருவன் கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் மட்டுமே சொல்வது ஒரு வழி. அவன் அறையை விட்டு வெளியேறினால் கதையும் அவனோடு வெளியேறும். அவன் முதுகுக்குப் பின்னால் நடப்பது நமக்கும் தெரியாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆளை மாற்றி, அவன் கண், அவள் கண், பகைவன் கண் என்று போய்ப் போய் வருவது மற்றொரு வழி. நம்மூர்த் தெருக்கூத்தில் துரியோதனனும் தன் நியாயத்தைத் தானே வந்து பாடுகிறான், திரௌபதியும் பாடுகிறாள். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் வடஆர்க்காட்டு விவசாயி ஒருவனுக்காவது அது குழப்பமாக இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. திரௌபதி பக்கம் நிற்பதற்காகத் துரியோதனன் வாயை மூடவேண்டும் என்றும் அவன் கேட்டதில்லை.

அப்படியிருக்க, ஒரே மனத்துக்குள் நிற்பதுதான் உயர்ந்த கலை என்னும் சட்டம் எங்கிருந்து வந்தது? ஹென்றி ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1903இல் 'தி அம்பாஸடர்ஸ்' என்ற நாவலை ஒரே பாத்திரத்தின் அறிவு எல்லைக்குள் நின்று எழுதிக் காட்டினார். அருமையான வேலைப்பாடு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். பெர்ஸி லப்பக் என்ற ஆங்கிலேயர் 1921இல் நாவல் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, ஜேம்ஸின் வழியையே அளவுகோலாக்கி மற்றவர்களை அதை வைத்து அளந்தார். ஆறே ஆண்டுகளில், 1927இல், இ.எம். பார்ஸ்டர் என்ற மற்றொரு ஆங்கிலேயர், வாசகனை நம்பவைக்க முடிந்தால் ஆசிரியர் எந்தத் தலைக்குள்ளும் போய் வரலாம் என்று மறுப்புச் சொன்னார். இந்தச் சண்டை அவர்கள் வீட்டிலேயே தீரவில்லை! நம் பேராசிரியரோ அதில் ஒரு கட்சியை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆம்பூரில் தையல் மிஷின் மிதிக்கும் பெண்ணிடம் சாஸ்திரமென்று விற்கிறார்.

டால்ஸ்டாய்க்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. 'போரும் அமைதியும்' நாவலில் நெப்போலியனுடைய மனத்துக்குள்ளும் அவர் புகுந்து வந்தார். 'அன்னா கரீனினா'வில் லாஸ்கா என்னும் வேட்டைநாய் என்ன நினைக்கிறது என்றுகூட எழுதினார். நாய்க்கே மனம் உண்டென்று கண்ட கலைஞன் அவர். நம் நாட்டில் சிலர் பண்ணையார் வீட்டு நாயின் சோகம்வரை எழுதுவார்கள்; அந்த நாய்க்குச் சோறு வைக்கும் ஆளின் மனத்துக்கு மட்டும் அவர்களுக்கு வழி தெரியாது.

தொட்டிக்குள் தெரிவது எவ்வளவு?

இனி விஷயத்துக்கு வருவோம். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மீறிவிட்டால் மூக்கே மரத்துப் போகும், நாற்றம் தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று இறங்குகிறவன் ஓரிரு மூச்சில் சாய்வான். இதை எந்தத் தோல் ஷாப்புத் தொழிலாளிக்கும் யாரும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியதில்லை.

இப்போது அந்தத் தோழரின் கதையை எண்ணிப் பாருங்கள். முதலில் இறங்கியவனுக்கு வாயு தெரியாது. அவனுக்குத் தெரிந்தது மறுநாள் கட்டவேண்டிய சுய உதவிக்குழுத் தவணை. இரண்டாவது இறங்கியவனுக்குத் தெரிந்தது கூட்டாளி விழுந்தான் என்பது மட்டுமே. மேஸ்திரிக்கு முகமூடி இல்லை என்பது தெரியும், சென்ற ஆண்டு இதே தொட்டியில் ஒருவன் மயங்கியதும் தெரியும். ஆனால் விடிவதற்குள் முடிக்கவேண்டும் என்ற உத்தரவு ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. முதலாளிக்கு அந்தக் காரணம் தெரியும்: மறுநாள் வெளிநாட்டு வாங்குவோரின் ஆள் வந்து பார்வையிடப் போகிறார். தொட்டியின் ஆழம் முதலாளிக்குத் தெரியாது. அவர் அங்கே போனதே இல்லை. மனைவிக்கு எதுவுமே தெரியாது. ஆறு மணிக்கு வரவேண்டியவன் வரவில்லை என்பதைத் தவிர.

1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, இப்படிப்பட்ட தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல், அல்லது சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று எழுதி வைத்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காகிதம் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அதுவும் ஒருவருக்குத் தெரியும். அதாவது அந்தக் கொலைக்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்த ஷாப்பில் இருந்தது. ஆனால் ஒருவரிடத்தில் இல்லை. ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்து கிடந்தது. கணக்கப்பிள்ளைக்கு ஒரு துண்டு, மேஸ்திரிக்கு ஒரு துண்டு, முதலாளிக்குப் பெரிய துண்டு. தொழிலாளிக்கு மட்டும் துண்டே இல்லை, தொட்டி இருந்தது.

இந்த ஐந்து துண்டுகளையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் தோழர் ஐந்து பேரின் கண்ணை எடுத்தார். பேராசிரியர் சொன்னபடி மனைவியின் மனத்துக்குள் மட்டும் நின்று எழுதினால் என்ன ஆகும்? போனான், வரவில்லை, பிணம் வந்தது. கதை நெஞ்சை உருக்கும், சந்தேகமில்லை. படிப்பவர்கள் கண்ணீர் விடுவார்கள், பரிசும் கொடுப்பார்கள். ஆனால் கொலை, விதியாகிவிடும்! அவள் அறிந்த அளவில் அது விதிதானே? கொன்றவன் கதைக்குள் வரவே மாட்டான். குற்றப்பத்திரிகை கிழித்தெறியப்பட்டு, அந்த இடத்தில் ஒப்பாரி வைக்கப்படும். இதைத்தான் அந்தப் பெரியவர் கலை என்கிறார். 'ஒரு பார்வை போதும்' என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது அந்த ஒரு பார்வையிலிருந்து தப்பிப் போகிறவர் யார் என்றும் சொல்ல வேண்டும் என்கிறோம் நாம்.

தாயின் கண்

அப்படியானால் ஒருவர் நோக்கில் எழுதுவதே பிற்போக்கு என்று நாம் சொல்கிறோமா? இல்லை. அப்படிச் சொல்லும் அவசரக்காரத் தோழர்கள் மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலை மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். தோழர் தொ.மு.சி. ரகுநாதன் அதைத் தமிழில் தந்திருக்கிறார். நம் அறையிலேயே அட்டை கிழிந்த பிரதி ஒன்று உண்டு.

1902இல் ரஷ்யாவின் சோர்மவோ நகரத்தில் நடந்த மேதின ஊர்வலத்தை மனத்தில் கொண்டு கார்க்கி 1906இல் எழுதிய நாவல் அது. தொடக்கத்தில் ஆலைச் சங்கு ஊதுகிறது. தொழிலாளர் குடியிருப்பு முழுவதும் நம் கண்முன் விரிகிறது. யார் கண் என்று சொல்லமுடியாத பொதுவான பார்வை. சில பக்கங்களிலேயே அந்தப் பார்வை சுருங்கி நீலவ்னா என்னும் ஒரு கிழவியிடம் வந்து நிற்கிறது. அதன்பின் பெரும்பாலும் அவளைவிட்டு நகர்வதில்லை. மகன் பாவெல் ரகசியக் கூட்டத்தில் என்ன முடிவு செய்தான் என்று கார்க்கி அவன் மனத்துக்குள் போய் நமக்குச் சொல்வதில்லை. புருஷனிடம் அடி வாங்கியே வாழ்க்கையைக் கழித்தவள், படிக்கத் தெரியாதவள், சமோவாரைச் சூடாக்கிக்கொண்டே காதில் விழுந்த அளவுக்கு மட்டும் கேட்கிறாள். நாமும் அவ்வளவுதான் கேட்கிறோம். அவளுக்குப் பயமாக இருக்கிறது. நமக்கும் பயமாக இருக்கிறது. பின்னர் அவளே சாப்பாட்டுக் கூடைக்காரியாக ஆலைக்குள் துண்டுப் பிரசுரம் கொண்டுபோகும்போது, இந்தக் காரியத்தின் பொருள் அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ அவ்வளவு நமக்கும் விளங்குகிறது. விசாரணை நடக்கும்போதும் நாம் உட்கார்ந்திருப்பது கோர்ட்டில் அவள் பக்கத்துப் பெஞ்சியில்.

கார்க்கி ஏன் பாவெலின் கண்ணை எடுக்கவில்லை? பாவெலுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். தெரிந்தவனின் கண்ணில் கதை வைத்தால் அது பிரசங்கமாக முடியும். தெரியாத ஒருத்தி தெரிந்துகொள்வதுதான் அங்கே கதை. அவளுடைய அறியாமையே அங்கே உண்மை. அது கரைவதே அங்கே புரட்சி. அந்த இடத்தில் போலீஸ் அதிகாரியின் மனத்துக்குள்ளும் ஜட்ஜின் மனத்துக்குள்ளும் நான்கு பக்கம் போய் வந்திருந்தால் தாய் வளர்வதை நாம் உணர்ந்திருக்க மாட்டோம்.

ஆக, ஒன்றா பலவா என்பதை எண்ணிக்கையாக வைத்துச் சண்டையிடுவது வீண் வேலை. ஒருத்தியின் மனம் விழித்துக்கொள்ளும் கதையா? அவளோடு இரு, அவளை விட்டு நகராதே. பலரிடம் சிதறிக் கிடக்கும் குற்றத்தைக் கூட்டிக் காட்டும் கதையா? பலரிடம் போ. முல்க்ராஜ் ஆனந்த் 1935இல் எழுதிய 'தீண்டாதவன்' நாவலில் பாகா என்ற தோட்டி இளைஞனின் ஒரே ஒரு நாளை அவனோடு நடந்தே சொன்னார். எங்கே தொட்டாலும் திட்டு வாங்கும் உடம்பைக் காட்ட அதுவே சரியான வழி. பிரேம்சந்த் அதற்கு அடுத்த ஆண்டு 'கோதான்' எழுதியபோது ஹோரி என்ற குடியானவனிடமும் போனார், அவனுடைய ஜமீன்தாரிடமும் போனார், பட்டணத்துச் சீமான்களிடமும் போனார். கடன் என்பது கிராமத்தில் தொடங்கி கிராமத்தில் முடிவதல்ல என்பதால் போனார்.

வெண்மணி யார் கண்ணில் எரிந்தது?

இப்போது நம் நாட்டிலேயே நடந்த வழக்குக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணிக் கிராமத்தில், கூலி நெல் கூடக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் விலையாக, ஒரே குடிசையில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' என்ற நாவலை வெளியிட்டார். 1977ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்த நாவலைப் பற்றி அன்றிலிருந்து நம் இயக்கத்தார் சொல்லிவரும் கண்டனம் எல்லாருக்கும் தெரியும்: நிலப்பிரபுவின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் காட்டி, வர்க்கப் போராட்டத்தை மனநோய் விவகாரமாக்கிவிட்டார் என்பது. நியாயமான கண்டனம்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையில் நிறுத்தியவர்களாவோம். நிலப்பிரபுவின் மனத்தைத் திறந்து காட்டியது அல்ல குற்றம். எரிந்து போனவர்களின் மனத்தைத் திறக்காததே குற்றம். கிராமத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பது டில்லியிலிருந்து வந்த கோபால், சிவா என்னும் படித்த இருவரின் கண்களால். அவர்கள் விவாதிக்கிறார்கள், வேதனைப்படுகிறார்கள், ஆராய்கிறார்கள். நிலப்பிரபுவுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது, ஒரு வடு இருக்கிறது. பள்ளத்தெருவில் இருப்பவனுக்கு என்ன இருக்கிறது? நெருப்பு மட்டும் இருக்கிறது. அந்த இரவு அந்தக் குடிசைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திய ஒருத்தி, அந்தக் கதவைப் பற்றி என்ன நினைத்தாள்? ஆசிரியரின் நல்ல நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் நல்ல நோக்கத்தோடு வந்த விருந்தாளியின் கண்ணும் விருந்தாளியின் கண்ணே. பின்னர், 1999இல், அதே மண்ணைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதி உழைப்பாளி மக்களின் பக்கமிருந்து இதைச் சொல்ல முற்பட்டார்.

இது வெறும் புத்தகச் சண்டை என்று எண்ணுகிறவர்கள் வழக்கின் முடிவைப் பார்க்கட்டும். கீழ்க் கோர்ட் நிலப்பிரபுக்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அவர்கள் பெரும் நிலம் படைத்தவர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், அத்தகையவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்புவதற்கில்லை என்ற கருத்துப்பட அந்தத் தீர்ப்பு பேசியது. தோழர்களே, இதைவிடத் துல்லியமாக நோக்குநிலையைப் பற்றிப் பாடம் நடத்த எந்தப் பேராசிரியராலும் முடியாது! காரில் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள் நீதிபதியால் ஒரு நொடியில் போய் உட்கார முடிந்தது. அவர் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று அங்கிருந்து நினைத்துப் பார்க்க முடிந்தது. குடிசைக்குள் போக முடியவில்லை. நாலு தலைமுறையாக நம் நாட்டுக் கதைகளும் பத்திரிகைகளும் படித்தவர்களுக்குப் பழக்கிவிட்ட பாதை அது: மாடிக்கு நல்ல தார் ரோடு, சேரிக்கு ஒற்றையடிப் பாதைகூட இல்லை.

பத்திரிகைச் செய்தியிலும் இதே கதைதான். 2015 ஜனவரிக் கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோ தோல் தொழிற்பேட்டையில், கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பாய்ந்த சேற்றில், பக்கத்து ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 'சுவர் இடிந்து 10 பேர் பலி.' யார் இடித்தது? சுவர். எழுவாய் சுவர், பயனிலை இடிந்தது. பொது மூடுதொட்டியில் தாங்கும் அளவுக்கு மேல் சேற்றை ஏற்றியவர்கள் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. செத்தவர்களோ தூங்கிக்கொண்டிருந்தவர்கள், அவர்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. தூக்கத்திலேயே கொல்லப்பட்டவனின் கதையை எந்த 'ஒரே மனத்துக்குள்' நின்று எழுதுவது என்று நம் பேராசிரியர் தயவுசெய்து காட்டட்டும். நாம் கற்றுக்கொள்ளத் தயார்.

நம் வீட்டுக் குறை

பிறரைச் சாடியது போதும். மூத்த தோழர் சொன்ன 'முதலாளிக்கு எடம் கிடையாது' என்பதற்கு வருவோம்.

நம்மவர்கள் எழுதிய பல கதைகளில் தொழிலாளியின் மனத்துக்குள் போனால் என்ன இருக்கிறது? துண்டுப் பிரசுரம் இருக்கிறது. காலையில் எழுந்தால் அவன் வர்க்க உணர்வோடு பல் துலக்குகிறான். பொண்டாட்டியோடு சண்டை போட்டாலும் உபரி மதிப்பைப் பற்றிச் சண்டை போடுகிறான். நாம் உட்பட இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறோம்; இருபது ஆண்டுகளுக்குமுன் நாம் எழுதிய ஒரு கதையைத் தோழர்கள் யாரும் தேடிப் படிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலாளி வந்தால் அவனுக்குத் தொந்தியும் சுருட்டும் மட்டுமே இருக்கும். இப்படி எழுதினால் பத்துப் பேர் மனத்துக்குள் போனாலும் அது ஒருவர் நோக்குதான்: எழுதுகிறவர் நோக்கு. பேராசிரியர் 'பிரச்சாரகர் பழக்கம்' என்று ஏளனம் செய்வதற்கு நாமே ஆதாரம் எழுதிக் கொடுத்தவர்களாகிறோம்.

முதலாளியின் மனத்துக்குள் போனால் வாசகன் அவனுக்காக இரங்கிவிடுவான் என்ற பயம் நம் தோழருக்கு. இது உழைப்பாளி வாசகனைப் பற்றிய அவநம்பிக்கை. 'கோதா'னில் ஜமீன்தார் ராய்சாகிப் தன் கடனையும் தொல்லையையும் சொல்லிப் பக்கம் பக்கமாக அழுகிறார். பிரேம்சந்த் அவரை அழவிடுகிறார். அழுது முடித்த கையோடு குடியானவர்களை அடக்க அவர் போடும் உத்தரவும் வருகிறது. அந்த அழுகையைக் கேட்டதால்தான் உத்தரவின் பாரம் நமக்குத் தெரிகிறது. நாவலின் முடிவில் ஹோரி சாகும்போது பசு தானம் செய்ய வழியில்லாமல், கயிறு திரித்து விற்ற இருபதணாவைத் தனியா புருஷன் கையில் வைக்கிறாள். அந்த இருபதணாவுக்குப் பின் ராய்சாகிப்புக்காக இரங்குகிறவன் இருந்தால் அவன் நம் வாசகன் அல்ல. முதலாளிக்கும் பிள்ளை உண்டு, இரத்தக் கொதிப்பு உண்டு, பாங்குக் கடன் உண்டு. அவ்வளவும் உள்ள மனிதன் முகமூடி வாங்கும் பணத்தை மிச்சம் பிடித்தான் என்பதே குற்றச்சாட்டு. ராட்சதன் செய்தால் அது புராணம்.

தமிழில் நமக்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. ரகுநாதன் 1953இல் நெசவாளர்களைப் பற்றிப் 'பஞ்சும் பசியும்' எழுதியபோது, தறிக்காரர் வீட்டுக்கும் வியாபாரி வீட்டுக்கும் மாறி மாறிப் போனார். தோழர் டி. செல்வராஜ், திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர், அந்த ஊர்த் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி 2010இல் 'தோல்' நாவலைத் தந்தார். 2012ஆம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. ஓசேப்பு என்னும் தொழிலாளி அதில் முக்கியமானவன். ஆனால் கதை அவன் ஒருவனுடையதல்ல. வக்கீல் வருகிறார், முதலாளிகள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வருகிறார்கள். 'யார் யாரென்று நினைவில் நிற்கவில்லை' என்று குறை சொன்னவர்கள் உண்டு. நம் அறையில் படித்தபோது சுமைப்பணித் தோழர் ஒருவர் சொன்ன பதில் போதும்: "எங்க சங்கத்துலயும்தான் இருநூறு பேர். பேர் மறந்துட்டா கூப்பிட்டுக் கேக்கறது தான்." ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: அவ்வளவு பேரைக் கட்டி மேய்க்க ஒரு வாழ்நாள் அனுபவம் வேண்டும். முதல் கதை எழுதும் தோழர்கள் ஐந்து பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னும் ஒன்று. தாவுவதில் ஒழுங்கு வேண்டும் என்று பேராசிரியர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எதிரி சொன்னதற்காக அதைத் தள்ளக்கூடாது. தொட்டிக்குள் இறங்குகிறவனின் மூச்சைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே பத்தியில், மேலே நிற்கும் மேஸ்திரியின் வயிற்றுவலிக்குப் போனால் இரண்டும் கெடும். தோழரின் கதையில் இரண்டிடத்தில் அப்படி இருந்தது. ஒருவரிடம் போனால் அந்தப் பகுதி முடியும்வரை அவரிடமே இருக்கவேண்டும். அவருக்குத் தெரியாததைக் கள்ளத்தனமாகச் சொல்லக்கூடாது. இறங்குகிறவனின் பகுதியில் 'ஹைட்ரஜன் சல்பைடு' என்ற சொல் வந்திருந்தது. அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டான். அந்தச் சொல்லை அங்கிருந்து எடுத்து, ஆபீஸ் அலமாரியைத் திறக்கும் ஆளின் பகுதியில் வைக்கச் சொன்னோம். வைத்துப் படித்தபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முதலாளி பகுதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூத்த தோழர் மறுவாரமும் எதிர்த்தார். இந்த முறை வேறு காரணம் சொன்னார். "அவன் என்ன நெனைக்கறான்னு உனக்கு எப்படித் தெரியும்? பார்த்தியா?" இது சரியான கேள்வி. பேராசிரியர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, கேட்கவில்லை. ஊகத்தில் எழுதினால் தொந்தியும் சுருட்டுந்தான் வரும். தோழர் இதற்கு அலைந்திருக்கிறார். அப்படிப்பட்ட வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் இரண்டு பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். எஜமான் டெலிபோனில் எந்தக் குரலில் பேசுவார், எந்த நாள் சாப்பிட மாட்டார், வெளிநாட்டு ஆள் வரும் வாரத்தில் வீடு எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலாளியைப் பற்றி முதலாளிக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பகுதியைத் திருத்தி எழுதிவிட்டார். டெலிபோனை வைத்துவிட்டு, 'தொட்டி வேலை முடிந்ததா' என்று கேட்க நினைத்து, நேரமாகிவிட்டதே என்று தூங்கப் போகிறார். மூத்த தோழர் படித்துவிட்டுக் கிழிக்கச் சொல்லவில்லை.

மேஸ்திரி பகுதிதான் இன்னும் நிற்கிறது. கதையில் வரும் மேஸ்திரிக்கு அடிப்படையான ஆளை நேரில் பார்த்துப் பேசாமல் எழுதமாட்டேன் என்கிறார் தோழர். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டுப் போளூர்ப் பக்கம் மாமியார் ஊரில் மாடு வைத்துப் பிழைக்கிறாராம். கம்பெனிக்கு லீவு கிடைத்தால் அடுத்த ஞாயிறு போவதாக இருக்கிறார்; துணைக்கு நாமும் போகிறோம். பேசுவாரோ, கதவைச் சாத்துவாரோ.